மேற்கை மேலே வைத்து ஒரு தேசப்படம்

எங்கள் பாடசாலை மண்டபத்தின் தென்புறச் சுவரில் பன்னிரண்டு அடி அகலமும் எட்டு அடி உயரமும் கொண்ட ஓர் ஓவியத்தைக் கடந்த ஆண்டு வரைந்து முடித்தேன். அதை ஓவியம் என்பதா, தேசப்படம் என்பதா என்று இன்றும் ஊரில் இரண்டு கருத்து உண்டு. எங்கள் கிராமமும் அதன் வயல்வெளியும் தோணாவும் களப்பும் கடலும் அதிலே இருக்கின்றன. கடல் அடியில் கிடக்கிறது. அதற்கு மேலே ஊர், ஊருக்கு மேலே வயல், எல்லாவற்றுக்கும் மேலே மலைகள். வடக்கு வலது கைப்பக்கம் போய்விட்டது. பார்த்தவர்களில் பாதிப்பேர், "சேர், படம் சரிஞ்சு கிடக்குதே" என்றுதான் முதலில் சொன்னார்கள். ஏன் அப்படி வரைந்தேன் என்று ஒவ்வொருவருக்கும் வாய்ப்பாடாகச் சொல்லிக் களைத்த பிறகுதான், இதை எழுதிவைத்தால் என்ன என்று தோன்றியது.

நான் வரலாறு கற்பிப்பவன். சித்திரம் ஆசிரிய கலாசாலையில் துணைப்பாடமாகக் கற்றது. கட்டம் போட்டுப் படத்தைப் பெருப்பிக்கும் வித்தையை அங்கேதான் பழகினேன். ஆனால் இந்தப் படத்துக்குக் கட்டம் போடுவதற்கு முன்னால் தீர்க்க வேண்டிய கேள்வி ஒன்று இருந்தது: எந்தத் திசையை மேலே வைப்பது?

வடக்கு மேலே இருப்பது இயற்கையின் விதி அல்ல. கிறிஸ்துவுக்குப் பின் இரண்டாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த தொலமி, ஏறக்குறைய எண்ணாயிரம் இடங்களுக்கு அகலாங்கும் நெட்டாங்கும் கொடுத்து ஒரு புவியியல் நூல் எழுதினார். அவருடைய மரபில் வடக்கு மேலே. மத்திய கால ஐரோப்பியக் கிறிஸ்தவர்களுக்குக் கிழக்கு மேலே. சுவர்க்கம் அந்தப் பக்கம் இருப்பதாக அவர்கள் நம்பினார்கள். அரபு முஸ்லிம் புவியியலாளர்களில் மிகப் பலர் தெற்கை மேலே வைத்தார்கள். ஆக, திசை என்பது வரைபவன் நிற்கும் இடத்தையும் அவன் முகம் பார்க்கும் பக்கத்தையும் பொறுத்தது.

தமிழ் இந்த விடயத்தில் என்ன சொல்கிறது என்பதை நாம் அதிகம் யோசிப்பதில்லை. மேற்கு என்ற சொல்லில் 'மேல்' இருக்கிறது. கிழக்கு என்ற சொல்லில் 'கீழ்' இருக்கிறது. மேற்கே மலையும் கிழக்கே கடலுமாக நிலம் சரிந்து கிடந்த நாட்டில் பிறந்த சொற்கள் இவை என்று மொழியறிஞர்கள் விளக்குவர். அந்த விளக்கம் எங்கள் கரைக்கும் அப்படியே பொருந்துகிறது. மலைநாட்டுப் பக்கமிருந்து தண்ணீர் இறங்கி வந்து கிழக்கே கடலில் விழுகிறது. மட்டக்களப்பார் களப்புக்கு மேற்கே உள்ள நிலத்தைப் படுவான்கரை என்றும் கடலோரத்தை எழுவான்கரை என்றும் சொல்வதும் இதே உடம்பறிவுதான். வடக்கும் தெற்கும் அல்ல, சூரியன் எழுவதும் படுவதும்தான் எங்கள் மக்களின் அச்சு. எனவே மேற்கை மேலே வைத்தேன். படம் சரிந்து கிடக்கவில்லை. தமிழ்ச் சொற்களின் படி நிமிர்ந்து நிற்கிறது.

எங்கள் மௌலவி வேறொரு காரணம் கண்டு மகிழ்ந்தார். கிப்லாவும் மேற்கேதானே என்றார். அது ஏறத்தாழத்தான் சரி. எங்கள் கரையிலிருந்து கணக்கிட்டால் கிப்லா நேர் மேற்கிலிருந்து ஏறக்குறைய 23 பாகை வடக்கே சரிந்திருக்கிறது. படத்தில் பள்ளிவாசலின் மேல் ஒரு சிறு அம்பு வரைந்து அந்தச் சரிவைக் காட்டியிருக்கிறேன். பாகைமானியை வைத்து அந்த அம்பை அளந்து பார்ப்பது இப்போது எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு விளையாட்டு.

இந்த ஓவியத்துக்கு எனக்கு முன்மாதிரியாக அமைந்தவர் அல்-இத்ரீஸி. அவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும். கி.பி. 1100 அளவில் மொறொக்கோக் கரையின் செப்தா நகரில் பிறந்தவர் என்பர். சிசிலியின் பலெர்மோ நகரில், இரண்டாம் ரோஜர் என்ற கிறிஸ்தவ அரசனின் ஆதரவில் பதினைந்து ஆண்டுகள் உழைத்து 1154இல் 'நுஸ்ஹத்துல் முஷ்தாக்' என்ற நூலை முடித்தார். உலகத்தை ஏழு பட்டிகளாகவும் ஒவ்வொரு பட்டியையும் பத்துத் துண்டுகளாகவும் பிரித்து எழுபது படங்கள். இவற்றோடு, வெள்ளியில் வார்த்த ஒரு பெரும் தட்டில் உலகப்படம் செதுக்கப்பட்டது. அந்த வெள்ளியின் எடை 400 ராத்தல் என்று நூலின் முகவுரை கூறுகிறது. ராத்தல் என்ற சொல்லைக் கண்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது. 'ரத்ல்' என்ற அந்த அரபுச் சொல்லை வைத்துத்தான் நாம் இன்றைக்கும் கடையில் ஒரு ராத்தல் பாண் கேட்கிறோம்.

அவர் செய்தி சேர்த்த முறையும் கவனிக்கத்தக்கது. பல நாடும் சென்று வந்தவர்களை அழைத்து, தனித்தனியாகவும் கூட்டமாகவும் விசாரித்து, அவர்கள் ஒத்துச் சொன்னதை ஏற்று, முரண்பட்டதைத் தள்ளினார்கள். பலெர்மோவுக்கு வந்து சேர்ந்த கப்பற்காரரின் வாய்ச்சொற்களும் பழைய கிதாபுகளும் சேர்ந்து உருவானதுதான் அந்தத் தெற்கு மேலான உலகம். அதிலே, எழுபது துண்டுகளில் முதற் பட்டியின் எட்டாம் துண்டில், இந்தியாவுக்கு அருகே மிகப் பெரியதாக ஒரு தீவு: ஸரந்தீப்.

ஸரந்தீபைப் பற்றி இத்ரீஸி எழுதிய ஒரு செய்தி நமது மேடைகளில் அடிக்கடி கேட்பது. அந்நாட்டு அரசனுக்குப் பதினாறு அமைச்சர்கள். நால்வர் அரசனின் மதத்தவர், நால்வர் கிறிஸ்தவர், நால்வர் முஸ்லிம்கள், நால்வர் யூதர் என்கிறார். மீலாத் விழாப் பேச்சாளர்கள் இதைச் சொல்லிக் கைதட்டல் வாங்குவதைப் பல முறை பார்த்திருக்கிறேன். வரலாறு கற்பிப்பவனுக்கு அந்தக் கைதட்டலில் சேர்ந்துகொள்வது கடினம். இத்ரீஸி இலங்கைக்கு வந்தவர் அல்லர். அவர் நூலை முடித்த 1154, பொலன்னறுவையில் முதலாம் பராக்கிரமபாகு ஆட்சிக்கு வந்ததற்கு அடுத்த ஆண்டு. அவரோ தலைநகரின் பெயர் அக்னா என்று எழுதுகிறார். மகாவம்சத்தின் தொடர்ச்சியில் இப்படி ஓர் அமைச்சரவை இல்லை. அவருக்கு இருநூறு ஆண்டுகளுக்கு மேல் முன்னர் அபூ ஸைத் அஸ்-ஸிராஃபி என்பவர், ஸரந்தீபில் யூதரும் பிற மதத்தவரும் வாழ்வதையும் அரசன் ஒவ்வொருவரையும் தத்தம் மார்க்கத்தில் விட்டுவைப்பதையும் எழுதியிருக்கிறார். அந்தப் பழைய செய்தி கை மாறிக் கை மாறிப் பதினாறு நாற்காலிகளாக வளர்ந்திருக்கலாம் என்பது என் எண்ணம். ஆனாலும் அதில் ஓர் உண்மை மிஞ்சுகிறது. தூர தேசத்துக் கப்பற்காரர்கள் இத்தீவை, பல மார்க்கத்தாரும் அரசனுக்குப் பக்கத்தில் இருக்கக்கூடிய இடமாக நினைவில் வைத்திருந்தார்கள். பதினாறு என்ற எண்ணைக் காட்டிலும் அந்த நினைவுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

நிறங்களை இத்ரீஸியின் பிரதிகளிலிருந்தே எடுத்தேன். மூல வெள்ளித் தட்டு 1160 அளவில் சிசிலியில் நடந்த கலகத்தில் அழிந்துபோயிற்று. பாரிஸில் உள்ள பிரதியும், 1553இல் கெய்ரோவில் எழுதப்பட்டு இப்போது ஒக்ஸ்போர்டில் உள்ள பிரதியும் கடதாசியில் பிழைத்திருக்கின்றன. அவற்றில் கடல் நீலம், அதன் மேல் வெள்ளை அலைக்கோடுகள். ஆறுகள் பச்சை. நகரங்கள் பொன்னிறப் பூக்கள். மலைகள் ஊதாவும் காவியுமாகக் கயிறு கிடப்பதுபோல நெளிகின்றன. இந்தச் சட்டத்தை ஏற்றுக்கொண்டதும் ஓர் இக்கட்டு வந்தது. கடல் நீலம், ஆறு பச்சை என்றால் களப்பு எந்த நிறம்? மாரியில் வெள்ளம் நிறைந்து, ஆற்றுவாய் வெட்டினால் கடலும் களப்பும் ஒன்று. கோடையில் வாய் அடைத்து நிற்கும்போது அது வேறு தண்ணீர். பலெர்மோவில் இருந்தவருக்கு இந்தப் பிரச்சினை இருந்திராது. நான் வாய்ப்பக்கம் நீலமும் வயற்பக்கம் பச்சையும் வைத்து, நடுவில் இரண்டையும் ஈரத்தோடு கலந்துவிட்டேன். ஓவியத்தில் எல்லாருக்கும் பிடித்த இடம் அதுதான்.

பழைய ஐரோப்பியப் படங்களில் இலங்கையின் நடுவே யானைகளை வரைவதும் கடலில் பூதாகாரமான மீன்களை விடுவதும் வழக்கம். அவற்றை நான் எடுக்கவில்லை. மார்க்கக் காரணம் கேட்டவர்களுக்கு அதுவும் ஒரு பதில். உண்மையில், யானை எங்கள் வயலுக்கு வந்து போகும் துன்பத்தை அறிந்த ஊருக்கு அதைச் சுவரிலும் அலங்காரமாக வைக்க மனம் வரவில்லை.

இப்னு பதூதா 1344இல் இங்கே வந்தபோது தேசப்படம் எதுவும் வரையவில்லை. ஆனால் அவருடைய பயண நூலில் பெயர்கள் வரிசையாக வருகின்றன. பத்தாலா என்று அவர் எழுதுவது புத்தளம். அங்கே ஆரியச் சக்கரவர்த்தியைக் கண்டு, பாவா ஆதம் மலைக்கு ஏறி, தீனவர் என்ற தெவிநுவரையையும் காலியையும் கடந்து கலன்பு சேர்ந்து, மீண்டும் பத்தாலா வந்தார். வழிநடையாகச் சொல்லப்பட்ட அந்தப் பெயர்களே ஒரு படம்தான். அவர் எங்கள் கிழக்குக் கரைக்கு வரவில்லை. அவர் நடக்காத பக்கம் அவரது படத்தில் இல்லை, அவ்வளவுதான்.

தொலமியின் தப்ரபேன் இதற்கு நேர்மாறு. எல்லாம் இருக்கிறது, அளவு மட்டும் இல்லை. தீவு உண்மையைவிடப் பல மடங்கு பெரியது, பூமத்திய கோடு அதனூடே போகிறது. ஆயினும் அநுராதபுரத்தை அனுரோகிராமன் என்று அவர் குறித்தது வியப்புக்குரியது. பதினாறாம் நூற்றாண்டில் செபஸ்தியன் முன்ஸ்டர் போன்றவர்கள் அந்தப் பெரிய தீவு சுமாத்திராவாக இருக்க வேண்டும் என்று முடிவுகட்டி, பெயரைத் தூக்கிச் சுமாத்திராவில் ஒட்டிவிட்டார்கள்.

பெயரை ஒட்டுவது ஆட்சியின் வேலையாக மாறியதை ஒல்லாந்தர் காலத்தில் தெளிவாகக் காணலாம். 1672இல் வெளியான பல்தேயுஸ் பாதிரியாரின் நூலிலுள்ள படத்தில் யாழ்ப்பாணத்துத் தீவுகள் எல்லாம் ஒல்லாந்து நகரங்களாகிவிட்டன. காரைதீவு அம்ஸ்டர்டாம், புங்குடுதீவு மிடில்பர்க், அனலைதீவு றொட்டர்டாம். நெடுந்தீவுக்கு வைத்த டெல்ஃப்ற் என்ற பெயர் மட்டும் இன்றுவரை ஆங்கிலத்தில் நிலைத்துவிட்டது. மற்றவற்றை மக்கள் பேசிப் பேசியே உதிர்த்துவிட்டார்கள்.

ஆங்கிலேயர் 1800 ஓகஸ்ட் 2இல் நில அளவைத் திணைக்களத்தைத் தொடங்கினார்கள். நீர்கொழும்பில் ஒன்றும் மட்டக்களப்பில் ஒன்றுமாக அடிக்கோடுகளை நிலத்தில் அளந்து, மலையுச்சிகளுக்கு இடையே முக்கோணங்கள் பின்னி இத்தீவின் உண்மையான உருவத்தைப் பிடித்தார்கள். ஒரு மைலுக்கு ஓர் அங்குலம் என்ற கணக்கில், அதாவது 63,360க்கு ஒன்று என்ற அளவில், நாடு முழுவதும் 72 தாள்களாயிற்று. பின்னர் வந்த 50,000க்கு ஒன்று என்ற மெற்றிக் தொடரில் 92 தாள்கள். நில அளவையாளரும் வரலாற்றாசிரியருமான ஆர். எல். புரோஹியர் இந்த வேலையின் கதையை 1950, 1951ஆம் ஆண்டுகளில் இரண்டு பாகங்களாக எழுதினார். இந்தத் தாள்களைக் குறைசொல்ல என்னால் முடியாது. வெயிலிலும் காட்டுக் காய்ச்சலிலும் சங்கிலி இழுத்தவர்களின் உழைப்பு அது. அவை இல்லாமல் என் சுவரில் ஒரு கோடுகூடச் சரியாக விழுந்திராது. மெற்றிக் தாளில் சென்ரிமீற்றருக்கு ஒரு கட்டம் கீறி, சுவரில் நீலத்தூள் தோய்த்த நூலைச் சுண்டி அடிக்கு ஒரு கட்டம் போட்டேன். அரைக் கிலோமீற்றர் ஓர் அடியாயிற்று. ஊரும் அடுத்துள்ள வயலும் சுவரின் கீழ் ஐந்தடியில் இந்த அளவிலேயே அமைந்தன. மேல் மூன்றடியில் தூரத்து வயல்களையும் இங்கினியாகலைப் பக்கத்து மலைகளையும் இத்ரீஸியின் பாணியில் சுருக்கி நெளியவிட்டேன்.

ஆனால் தாள் சொல்லாதவை பல. பட்டிப்பளை ஆறு என்று பழைய படங்களில் வரும் நதி, 1949இல் ஆரம்பித்த அபிவிருத்தித் திட்டத்துக்குப் பிறகு கல்லோயாவாகவே அறியப்படுகிறது. சிங்களப் பெயர் வேண்டாம் என்பதல்ல என் வாதம்; அது அம்மொழி பேசுபவர்களுக்கு உரிய பெயர். தமிழ் பேசுபவன் தன் தாயிடம் கேட்ட பெயரும் அதன் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதே. சுவரில் இரண்டையும் எழுதியிருக்கிறேன், ஒரே அளவு எழுத்தில்.

அடுத்தது, கைத்தொலைபேசியில் விரியும் செய்மதிப் படம். என் மாணவர்களுக்குத் தேசப்படம் என்றால் இப்போது அதுதான். ஒவ்வொரு கூரையும் தெரிகிறது. கரைவலைத் தோணிகள்கூட நிழலோடு தெரிகின்றன. 2004 டிசம்பர் 26க்கு முன் இருந்த கூரைகள் மட்டும் தெரியாது. கடலோடு ஒட்டியிருந்த மூன்று குறுக்கு வீதிகளின் இடத்தில் இன்று மணலும் அடம்பன் கொடியும்தான். அந்த வீதிகளில் இருந்தவர்களில் பலர் மையவாடியில் இருக்கிறார்கள். சிலர் அங்கேயும் இல்லை.

2005இல் கரையோரப் பாதுகாப்பு வலயம் அறிவிக்கப்பட்டது. தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர். வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர். அந்த எல்லைக்குள் வீடு கட்டக் கூடாது என்றாயிற்று. மெற்றிக் தாளில் 200 மீற்றர் என்பது நான்கு மில்லிமீற்றர். மேசையில் வைத்துக் கோடு கீறுபவருக்குப் பென்சில் நுனியின் அகலத்தைவிடக் கொஞ்சம் கூட. எங்கள் பக்கத்து ஊர்களோ கடலுக்கும் வயலுக்கும் இடையே நெருங்கிக் கிடப்பவை. பின்னால் போக வயல்தான் உண்டு; வயலை நிரப்பினால் சோறு இல்லை. பின்னர் அந்த எல்லை தளர்த்தப்பட்டது. அதற்குள் கூடாரத்திலும் உறவினர் வீட்டு விறாந்தையிலுமாகக் குடும்பங்கள் காலம் கழித்தாயிற்று. என் சுவரில் 200 மீற்றர் ஏறக்குறைய ஐந்து அங்குலம். அந்தக் கோட்டை வரைய வேண்டாம், பிள்ளைகள் பார்க்கும் இடம் என்று சிலர் சொன்னார்கள். வரைந்தேன். சிவப்பில் அல்ல, ஈரம் காய்ந்த மணலின் நிறத்தில், விட்டு விட்டு. கோட்டுக்குக் கீழே அந்த மூன்று வீதிகளும் தத்தம் பெயரோடு இருக்கின்றன.

பெயர்களைச் சேர்த்ததுதான் வரைவதைக் காட்டிலும் நீண்ட வேலை. அரசாங்கத் தாளில் எங்கள் வயல்வெளி முழுவதும் நெற்கதிர்க் குறியால் நிரம்பியிருக்கும். பெயர் ஒன்றோ இரண்டோ. வயலுக்குப் போகிறவனுக்கு அங்கே ஒவ்வொரு வட்டைக்கும் ஒவ்வொரு கண்டத்துக்கும் பெயர் உண்டு. புளியடிக் கண்டம், மோட்டு வட்டை, முள்ளிமுனை என்று. எண்பதுகளின் நடுப்பகுதியிலிருந்து மேற்குப் பக்கத்து வயல்களுக்கு எங்கள் ஆட்கள் போவது ஆபத்தாயிற்று. சில கண்டங்களை இருபது வருடத்துக்கு மேல் யாரும் உழவில்லை. என் வயதுக்காரர்களுக்கே அவற்றின் பெயர் தெரியாது. பெயர் தெரியாத நிலத்தை, யுத்தம் முடிந்து 2009க்குப் பிறகு, இது எங்களது என்று எந்தக் கந்தோரில் போய் எப்படிச் சொல்வது? உறுதி கறையான் தின்றவனுக்கும் கலவரத்தில் எரிந்தவனுக்கும் எஞ்சியிருப்பது எல்லைகளைச் சொல்லும் வாய்தானே.

அதனால் முன்னாள் வட்டவிதானை ஒருவரையும், கிழவர்கள் ஐவரையும், நாற்று நடவும் கதிர் பொறுக்கவும் போன மூத்தம்மாமார் நால்வரையும் தேடிப்போனேன். ஆண்கள் பெரும்பாலும் போடியார்மாரின் பெயரால் நிலத்தைச் சொன்னார்கள். பெண்கள் மரத்தாலும் தண்ணீராலும் சொன்னார்கள். "அந்த ரெண்டு மருதமரத்துக்கும் நடுவில இருந்த தாள்ப்பம், மகன். மாரியில இடுப்பளவு தண்ணி நிக்கும்" என்று ஒரு மூத்தம்மா விரலால் தரையில் கீறிக் காட்டினா. அவ கீறியதிலும் மேற்கு மேலேதான் இருந்தது. வட்டவிதானை சொன்னதும் அவ சொன்னதும் ஒரே கண்டம் என்று அறிய எனக்கு இரண்டு வாரம் எடுத்தது. இந்த இடத்தில் நான் இத்ரீஸியின் வழியைப் பின்பற்றவில்லை. அவர்கள் முரண்பட்டதைத் தள்ளினார்கள். நான் இரண்டு பெயரையும் எழுதினேன். அரசனுக்கு ஒரே உலகம் போதும். ஊருக்கு அது போதாது.

எல்லாமாக அறுபத்தொரு பெயர்கள். அவற்றில் ஒன்பதுக்கு இடம் உறுதியாகக் கிடைக்கவில்லை. அவற்றை மலைகளுக்குக் கீழே, பச்சை நிறம் மங்கும் இடத்தில், நிலத்தோடு ஒட்டாமல் எழுதி வைத்திருக்கிறேன்.

எனாமல் வர்ணம் உப்புக் காற்றில் பத்து வருடம் நின்றாலே அதிசயம் என்று வர்ணக் கடைக்காரர் சொன்னார். வெள்ளித் தட்டே ஒரு கலகத்தோடு போயிற்று. பிழைத்தது பிரதி எடுத்தவர்களால்தான். ஆகையால் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் அறுவரை இருத்தி, பெயர்களையும், சொன்னவரின் வயதையும், அந்தந்த இடத்தின் எல்லைகளையும் நீளக் கொப்பியில் மூன்று பிரதிகள் எழுதச் செய்தேன். ஒன்று பாடசாலை அலுமாரியில், ஒன்று பள்ளிவாசலில், ஒன்று வட்டவிதானையின் மகனிடம். சென்ற மாதம் அவர் அந்தக் கொப்பியோடு வந்து, தெற்கு வாய்க்காலுக்கு அப்பால் இன்னும் நான்கு கண்டங்கள் இருக்கின்றன, வாப்பா மௌத்தாகும் முன்னர் சொன்னார் என்றார். சுவரில் அந்த மூலையில் இடம் குறைவு. எழுத்தைச் சிறிதாக்கி எழுதலாம் என்று இருக்கிறேன்.